டிராக்டரின் திறன் கடத்தும் தண்டு

டிராக்டர் என்றதும் நம் மனக்கண் முன் வருவது அது நிலத்தை உழும் காட்சிதான். ஆனால் உழுவது அதன் பல வேலைகளுள் ஒன்று மட்டுமே. மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை, கதிரடிக்கும் எந்திரம், வைக்கோலைக் கட்டாகக் கட்டும் எந்திரம், தோப்புகளில் மண்டிக் கிடக்கும் புல்லையும் களையையும் வெட்டித் தள்ளும் புல்வெட்டி ஆகியவற்றையும் டிராக்டர் இயக்குகிறது. இவற்றை இழுத்துச் செல்வதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை; இவற்றின் உள்ளே இருக்கும் கத்திகளையும் பற்களையும் சுழற்றுவதும் அதுவே. புல்வெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் அதில் ஒரு பொறியைக் காண முடியாது. பின் கத்தி எப்படிச் சுழல்கிறது?

டிராக்டரின் பின்புறம், இரு பெரிய சக்கரங்களுக்கும் நடுவே, ஒரு சாண் நீளம்கூட இல்லாத எஃகுத் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே திறன் எடுப்புத் தண்டு. ஓட்டுநர்கள் அதைப் பி.டி.ஓ. என்று சொல்வார்கள். இதற்கும் புல்வெட்டிக்கும் இடையே இன்னொரு நீண்ட தண்டு பொருத்தப்படுகிறது. புல்வெட்டியை இயக்கும் திறன் முழுவதும் அதன் வழியாகத்தான் செல்கிறது. இந்தத் தண்டை எப்படிப் பொருத்த வேண்டும் என்பதற்குச் சில விதிகள் உண்டு. அவை வெறும் பழக்கத்தால் வந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியல் இருக்கிறது. அவ்விதிகளை மறந்தால் எந்திரம் பழுதாவதோடு போகாது. கையும் உயிரும் போகக்கூடும்.

சக்கரம் சுழற்றிய கத்தி

இத்தண்டு வருவதற்கு முன், மேலை நாடுகளில் புல்வெட்டியையும் கதிர் அறுக்கும் எந்திரத்தையும் குதிரைகள் இழுத்தன. எந்திரத்தின் சக்கரம் தரையில் உருளும்போது, அந்தச் சுழற்சியைப் பற்சக்கரங்கள் வாங்கிக் கத்தியை இயக்கின. இதில் ஒரு குறை இருந்தது. கத்தியின் வேகம் குதிரையின் நடையைப் பொறுத்தே அமைந்தது. புல் அடர்ந்த இடத்தில் மெதுவாகச் செல்ல வேண்டும். கத்தியோ வேகமாக இயங்க வேண்டும். ஆனால் நடை குறைந்தால் கத்தியின் வேகமும் குறைந்தது! ஈர நிலத்தில் சக்கரம் உருளாமல் வழுக்கினால் கத்தி நின்றேபோயிற்று.

பொறியின் சுழற்சியை நேராகக் கத்திக்குக் கொண்டுபோனால் என்ன? பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஆல்பர்ட் கூஜி என்பவர் 1906-ஆம் ஆண்டில் இவ்வாறு ஒரு டிராக்டரை அமைத்து, கதிர் அறுத்துக் கட்டும் எந்திரத்தை இயக்கினார். 1918-இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் தன் 8-16 என்னும் டிராக்டரில் திறன் எடுப்புத் தண்டை அமைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு கத்தியின் வேகம் வேறு, வண்டியின் வேகம் வேறு என்றாயிற்று.

540 என்னும் எண்

ஒரு நிறுவனத்தின் டிராக்டரோடு வேறொரு நிறுவனத்தின் புல்வெட்டியைப் பொருத்த வேண்டுமானால், தண்டின் பருமன், வேகம், சுழலும் திசை ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்கும் அளவு இது: தண்டின் விட்டம் 35 மில்லிமீட்டர், அதன் மேல் நீளவாக்கில் 6 பற்கள், வேகம் நிமிடத்துக்கு 540 சுற்றுகள். டிராக்டரின் பின்னால் நின்று அதை நோக்கினால், தண்டு கடிகார முள் செல்லும் திசையில் சுழலும். பெரிய டிராக்டர்களில் நிமிடத்துக்கு 1000 சுற்றுகள் சுழலும் தண்டும் உண்டு. அதே 35 மில்லிமீட்டர் விட்டத்தில் அமைந்தால் அதற்கு 21 பற்கள் இருக்கும். எனவே 540-க்கு உரிய கருவியைத் தவறுதலாக 1000 சுற்றுத் தண்டில் மாட்ட முடியாது. பற்களின் எண்ணிக்கையே ஒரு பூட்டாக அமைகிறது.

இந்தத் தண்டு எவ்வளவு திருப்பு விசையைத் தாங்குகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 540 என்றால் நொடிக்கு 9 சுற்றுகள். பொறி தண்டுக்குத் தரும் திறன் 30 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 40 குதிரைத்திறன் என்று கொள்வோம்.

திறன் = 2π × நொடிக்கான சுற்றுகள் × திருப்பு விசை

30,000 = 2 × 3.14 × 9 × திருப்பு விசை

விடை ஏறக்குறைய 530 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளமுள்ள ஒரு ஸ்பேனரைத் தண்டில் மாட்டி, அதன் நுனியில் 50 கிலோ மூட்டைகள் இரண்டைத் தொங்கவிட்டால்கூட அந்த அளவு முறுக்கு உண்டாகாது. அதே திறனை 1000 சுற்றில் செலுத்தினால் திருப்பு விசை 286 நியூட்டன் மீட்டராகக் குறைகிறது. வேகம் கூடினால் முறுக்கு குறையும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

வளைவில் செல்லும் சுழற்சி

டிராக்டரின் தண்டும் புல்வெட்டியின் தண்டும் எப்போதும் ஒரே நேர்கோட்டில் இருப்பதில்லை. நிலம் மேடு பள்ளமானது. வரப்பைக் கடக்கும்போது புல்வெட்டியைத் தூக்க வேண்டியும் இருக்கும். நேரான இரும்புக் குழாயால் இரண்டையும் இணைத்தால் அது வளையும் அல்லது முறியும். ஆகவே நடுத்தண்டின் ஒவ்வொரு முனையிலும் ஒரு மூட்டு தேவைப்படுகிறது. யுனிவர்சல் ஜாயிண்ட் எனப்படுவது இதுதான்.

உண்டிவில்லின் கவையைப் போன்ற இரண்டு இரும்புக் கவைகளை எதிரெதிரே, ஒன்றுக்கொன்று குறுக்காக வையுங்கள். நடுவில் கூட்டல் குறி வடிவில் ஒரு துண்டு. அதன் நான்கு முனைகளுள் இரண்டை ஒரு கவையும் மற்ற இரண்டை இன்னொரு கவையும் பற்றியிருக்கும். மெக்கானிக்குகள் இத்துண்டைக் கிராஸ் என்பார்கள். ஒரு கவை சுழன்றால் மற்றதும் சுழலும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோணம் இருந்தாலும் சுழலும். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும், 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக்கின் பெயராலும் இம்மூட்டு அழைக்கப்படுகிறது. ஆம், சுருள்வில்லைப் பற்றிய விதியைத் தந்த அதே ஹூக்தான்!

இம்மூட்டில் ஒரு விந்தை உண்டு. இயக்கும் தண்டு ஒரே சீரான வேகத்தில் சுழன்றாலும், வளைவுக்கு அப்பால் உள்ள தண்டு சீராகச் சுழல்வதில்லை! ஒரு சுற்றுக்குள் அது இரு முறை முந்துகிறது. இரு முறை பிந்துகிறது. முழுச் சுற்று முடியும்போது இரண்டும் சமமாகிவிடுகின்றன. எவ்வளவு முந்தும், எவ்வளவு பிந்தும் என்பது கோணத்தின் கொசைன் மதிப்பைப் பொறுத்தது. மூட்டு 30 பாகை வளைந்திருந்தால் கொசைன் 0.866. ஆகவே 540 சுற்றில் இயங்கும் தண்டு, அப்பால் உள்ள தண்டை ஒரு கணம் 468 சுற்று வேகத்திலும், அடுத்த கணம் 624 சுற்று வேகத்திலும் ஓட்டுகிறது. ஒரு நொடியில் 18 முறை வேகம் ஏறி, 18 முறை இறங்குகிறது. வளைவு 15 பாகை மட்டுமே என்றால் இந்த ஏற்ற இறக்கம் 522-க்கும் 559-க்கும் இடையில் அடங்கிவிடும். "வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது" என்ற முதல் விதி இப்படிப் பிறந்ததே.

ஒன்றின் குறையை ஒன்று தீர்க்கும்

இந்த ஆட்டம் கத்தி வரை போய்ச் சேராமல் தடுக்கும் வேலையை இரண்டாவது மூட்டு செய்கிறது. முதல் மூட்டு வேகத்தைக் கூட்டும் அதே கணத்தில் இரண்டாவது மூட்டு அதே அளவு குறைத்தால், கடைசித் தண்டு சீராகச் சுழலும் அல்லவா? அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, நடுத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். தண்டைத் தரையில் கிடத்தினால் இரு கவைகளும் ஒருசேரப் படுத்திருக்க வேண்டும். ஒன்று படுத்து, மற்றது நிமிர்ந்திருக்கக் கூடாது. சில தண்டுகளில் உட்குழாயை எந்தத் திருப்பத்திலும் வெளிக்குழாயினுள் செலுத்திவிட முடியும். அப்படிப்பட்டவற்றைக் கழற்றிப் பூட்டும்போது கவனம் வேண்டும். 90 பாகை மாற்றிப் பூட்டிவிட்டால், ஒன்றின் குறையை மற்றது தீர்ப்பதற்கு மாறாகப் பெருக்கிவிடும். 30 பாகை வளைவில் கத்திப் பெட்டிக்குச் செல்லும் வேகம் 405-க்கும் 720-க்கும் இடையே தடுமாறும். தண்டு அதிரும், கிராஸ் தேயும், பெட்டியின் பற்கள் உடையும்.

இரண்டாவது, இரு மூட்டுகளின் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். டிராக்டரின் தண்டும் புல்வெட்டியின் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் கோணங்கள் தாமே சமமாகிவிடும். ஓர் இணை கோட்டுச் சோடியை ஒரு சாய்கோடு வெட்டும்போது ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று வடிவியலில் படித்திருக்கிறீர்களே, அதே தேற்றம்தான். டாப் லிங்க் எனப்படும் மேல் இணைப்புக் கையின் நீளத்தைத் திருகிச் சரிசெய்து, புல்வெட்டி முன்னும் பின்னும் சாயாமல் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீளும் தண்டு, குறுகும் தண்டு

புல்வெட்டி மேலும் கீழும் அசையும்போது, இரு தண்டு முனைகளுக்கும் இடையே உள்ள தூரமும் மாறுகிறது. எனவே நடுத்தண்டு ஒன்றினுள் ஒன்று நுழையும் இரு பகுதிகளாகச் செய்யப்பட்டிருக்கிறது. மடக்குக் குடையின் கம்பியைப் போல அது நீளும், குறுகும். ஆனால் அதன் குறுக்குவெட்டு வட்டமாக இருக்காது. சதுரமாகவோ முக்கோணம் போன்றோ இருக்கும். வட்டமாக இருந்தால் ஒன்று சுழல, மற்றது சும்மா இருந்துவிடும்.

தண்டு மிக நீளமாக இருந்தால், இரு முனைகளும் நெருங்கும்போது உட்குழாய் அடியில் போய் முட்டும். முட்டிய பின் குறுக வழியில்லை. அந்த விசை முழுவதும் டிராக்டரின் பேரிங்கையும் கத்திப் பெட்டியையும் தாக்கும். தண்டு மிகக் குட்டையாக இருந்தாலோ, தூரம் கூடும்போது இரு பகுதிகளும் பிரிந்து, சுழன்றபடியே வெளியே பாயும். ஆகவே மிகக் குறுகிய நிலையில் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். மிக நீண்ட நிலையில் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றினுள் ஒன்று இருக்க வேண்டும்.

இணைக்கும் முறை

இனி, பொருத்தும் வேலையை வரிசையாகக் காண்போம்.

1. சமதரையில் புல்வெட்டியை நிறுத்தி, டிராக்டரைப் பின்னோக்கிக் கொண்டுவர வேண்டும். அப்போது இரண்டுக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது. பின்பு பொறியை நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சாவி ஓட்டுநரின் பையில் இருக்கும்வரை வேறொருவர் பொறியை இயக்கிவிட முடியாது.

2. முதலில் இடது கீழ்க்கை, அடுத்து வலது கீழ்க்கை, கடைசியாக மேல் கை என்ற வரிசையில் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் பூட்டு ஊசியைச் செருக வேண்டும். வலது கையின் உயரத்தைத் திருகி மாற்ற முடியும் என்பதால் அது இரண்டாவதாக வருகிறது. கழற்றும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

3. இரு தண்டு முனைகளும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை புல்வெட்டியைத் தூக்கி, அடியில் உறுதியான கட்டைகளை வைத்துப் பொறியை மறுபடியும் நிறுத்த வேண்டும். எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பி, தூக்கிய கருவியின் கீழ் கை வைக்கக் கூடாது. பொதுவாக இந்த நிலையில்தான் முனைகளுக்கு இடையே தூரம் மிகக் குறைவாக இருக்கும். நடுத்தண்டின் இரு பகுதிகளையும் பிரித்து, ஒன்றை டிராக்டரிலும் மற்றதைப் புல்வெட்டியிலும் மாட்டி, அருகருகே பிடித்து நீளத்தை அளக்க வேண்டும். மிகுதியாக இருந்தால் உள், வெளிக் குழாய்கள் இரண்டையும் மேலுறைகளையும் ஒரே அளவு வெட்டி, பிசிறுகளை அரத்தால் நீக்கிக் கிரீஸ் தடவ வேண்டும்.

4. இரு பகுதிகளையும் ஒன்றினுள் ஒன்று செலுத்தி, கவைகள் ஒரே தளத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

5. தண்டின் முனையில் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே, பற்களைப் பற்களோடு பொருத்தித் தள்ள வேண்டும். டிராக்டர் தண்டில் ஒரு பள்ளம் உண்டு. அதில் பூட்டு விழும்போது 'டக்' என்ற ஓசை கேட்கும். ஓசையைக் கேட்டதோடு விடாமல், தண்டைப் பின்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். பூட்டு விழாத தண்டு, வேலையின் நடுவே கழன்று சாட்டையைப் போலச் சுழலும்.

6. மேலுறையில் உள்ள சிறு சங்கிலிகளை டிராக்டரிலும் புல்வெட்டியிலும் அசையாத பகுதிகளில் மாட்ட வேண்டும். உறை சுழலாமல் நிற்க இவையே காரணம்.

7. தண்டை இயக்காமல், கட்டைகளை எடுத்துவிட்டு, புல்வெட்டியை மெல்ல ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். தண்டு எங்கும் உரசக் கூடாது. அதன் பின்பே பொறியைக் குறைந்த வேகத்தில் வைத்துத் தண்டை இயக்கி, படிப்படியாக 540-க்குக் கொண்டுவர வேண்டும்.

கத்தியின் பக்கம்

தண்டு கிடையாகச் சுழல்கிறது. கத்தியோ தரைக்கு இணையாகச் சுழல வேண்டும்; அதாவது அதன் அச்சு செங்குத்தாக இருக்க வேண்டும். புல்வெட்டியின் மேலுள்ள பெட்டியில் இருக்கும் இரு சாய்பற்சக்கரங்கள் இந்தத் திருப்பத்தைச் செய்கின்றன, வேகத்தையும் கூட்டுகின்றன. தண்டு 9 சுற்றுச் சுழலும்போது கத்தி 16 சுற்றுச் சுழல்கிறது என்றும், கத்தி வரையும் வட்டத்தின் விட்டம் 1.5 மீட்டர் என்றும் கொள்வோம். கத்தியின் நுனி நொடிக்கு 75 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது! அதில் படும் கல் எந்தத் திசையிலும் பாயலாம். புல்வெட்டி ஓடும் தோப்பில் வேடிக்கை பார்க்க நிற்பது ஏன் கூடாது என்பது இப்போது விளங்கும்.

இவ்வளவு வேகத்தில் சுழலும் கனமான கத்தி, தண்டின் இயக்கத்தை நிறுத்தியதும் நின்றுவிடாது. நிலைமத்தால் அது தொடர்ந்து சுழலும். பழைய டிராக்டர்களில், கிளட்சை மிதித்த பிறகும் இந்தச் சுழற்சி தண்டின் வழியே திரும்பி வந்து டிராக்டரையே முன்னோக்கித் தள்ளியதுண்டு. இதைத் தடுக்க ஒரு பக்கமாக மட்டும் விசையைக் கடத்தும் இணைப்பு பயன்படுகிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் சக்கரம் ஓடுகிறதே, அந்த ஃபிரீவீலின் தத்துவம்தான் இங்கும்.

கத்தி மரக்கட்டையில் மோதினால் என்ன ஆகும்? தண்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு போல்ட் வேண்டுமென்றே வலிமை குறைவாக வைக்கப்பட்டிருக்கும். மோதும்போது அது முதலில் வெட்டுப்பட்டு, மற்ற உறுப்புகளைக் காப்பாற்றும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் கம்பி செய்யும் வேலை இது. "அடிக்கடி போகிறதே" என்று தடித்த கம்பியைப் போடுவது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இங்கே கடினமான போல்ட்டைப் போடுவதும்.

உறை எதற்கு?

நடுத்தண்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. உள்ளே தண்டு சுழன்றாலும் உறை சுழலாமல் நிற்கும். கிரீஸ் வைக்கத் தொல்லையாக இருக்கிறது என்று சிலர் இதைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். விளைவைக் கணக்கிடுவோம்.

உறையில்லாத மூட்டின் குறுக்களவு 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றளவு ஏறக்குறைய 31 சென்டிமீட்டர். நொடிக்கு 9 சுற்று என்றால், அதில் சிக்கும் துணி நொடிக்கு 2.8 மீட்டர் வீதம் இழுக்கப்படும். தோளில் கிடக்கும் துண்டின் நுனியோ, லுங்கியோ, சேலை முந்தானையோ, அவிழ்ந்த கூந்தலோ அதில் பட்டுவிட்டது. ஏதோ இழுக்கிறது என்று உணர்ந்து கையை நீட்ட அரை நொடி ஆகிறது. அதற்குள் தண்டு நான்கு சுற்றுக்கு மேல் சுற்றி, 1.4 மீட்டர் துணியை விழுங்கியிருக்கும்! துணி தீர்ந்தபின் இழுபடுவது உடல்.

எதிர்த்து இழுத்து மீள முடியுமா? தொடர்ந்து உழைக்கும் ஒரு மனிதன் தரும் திறன் சுமார் 75 வாட். தண்டின் திறன் 30,000 வாட். அதாவது 400 பேருக்குச் சமம். கூச்சலிட்டு ஓட்டுநர் திரும்பிப் பார்க்கும் முன் எல்லாம் முடிந்துவிடும். கதிரடிக்கும் எந்திரங்களில் கைகளை இழந்தோர் பலர். அவ்விபத்துகளைத் தடுக்கும் நோக்கத்தோடு இந்திய நாடாளுமன்றம் 1983-இல் ஆபத்தான எந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. ஆனால் வயலில் சட்டம் வந்து நிற்பதில்லை. அங்கே நிற்பது உறையும், இரு சங்கிலிகளும், ஓட்டுநரின் பையில் உள்ள சாவியும்தான்.

எனவே உங்கள் வீட்டிலோ ஊரிலோ டிராக்டர் இருந்தால் நான்கு செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். சுழலும் தண்டைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். அதன் அருகே துண்டு, தாவணி, தளர்ந்த ஆடை வேண்டாம். பொறி நின்று, கத்தியும் நின்ற பிறகே அருகில் செல்லுங்கள். உறை உடைந்திருந்தால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். சொல்லும்போது இந்தக் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள்.

செய்து பாருங்கள்

தடித்த கம்பிகள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு முனையையும் கவைபோல் வளையுங்கள். ஒரு தக்கையில் நான்கு ஊசிகளைக் கூட்டல் குறி வடிவில் செருகி, இரு கவைகளையும் அவற்றில் மாட்டுங்கள். மேசையின் மேல் இரு கம்பிகளையும் 45 பாகை வளைவில் தாங்கிகளில் படுக்க வையுங்கள். ஒவ்வொரு கம்பியின் வெளி முனையிலும் ஓர் அட்டை முள்ளும், பின்னால் ஒரு கோணமானியும் இருக்கட்டும். இயக்கும் கம்பியின் கவை மேசைக்கு இணையாகப் படுத்திருக்கும் நிலையில் தொடங்குங்கள். அதை 45 பாகை திருப்பினால் மற்றது ஏறக்குறைய 55 பாகை திரும்பும். இன்னும் 45 பாகை திருப்பினால் மற்றது 35 பாகை மட்டுமே திரும்பும். முந்துவதையும் பிந்துவதையும் இப்போது உங்கள் கண்ணாலேயே காணலாம்.

விடை காணுங்கள்

1. மூட்டின் வளைவு 60 பாகை என்றால், 540 சுற்றில் இயங்கும் தண்டு அடுத்த தண்டை எந்த இரு வேகங்களுக்கு இடையே ஓட்டும்? அவ்வளவு வளைவில் வேலை செய்வது சரியா?

2. நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுழலும் தண்டில் துணி சிக்கினால், அரை நொடியில் எத்தனை மீட்டர் சுற்றிக்கொள்ளும்? மூட்டின் குறுக்களவு 10 சென்டிமீட்டர்.